ஒரு பிடி போதும்... குடம் குலுங்கியிருந்தால்!

ஐப்பசி மாதத்து விடியற்காலை. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறி வீடு. இன்றைக்குத் தெருவில் பாவு விரிக்க வேண்டும். இரண்டு மூன்று பட்டுச் சேலைக்கான நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, அறுந்த இழைகளை முடிந்து, காயவிட்டு எடுக்கிற வேலை. நடுவில் மழை பிடித்துக்கொண்டால் அவ்வளவும் வீண். இந்த மாதத்தில் இப்படிப்பட்ட வீடுகளில் தினமும் நடக்கிற பேச்சு இது.

"போன்ல என்னங்க போட்டிருக்கு?"

"மழைக்கு முப்பது பர்சன்ட்னு காட்டுது."

"வருமா, வராதான்னு சொல்லலையா?"

"அப்படியெல்லாம் அது சொல்லாது. முப்பது பர்சன்ட். அவ்வளவுதான்."

"அப்போ எழுபது பங்கு வராதுதானே? பாவை எடுங்க!"

அந்த அம்மாள் எடுத்தது சரியான முடிவு. முப்பதுக்குப் பதில் எழுபது என்று இருந்திருந்தால் பாவு வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கும். 'வரும்', 'வராது' என்ற ஒற்றைச் சொல்லைவிட அந்த எண்தான் அந்த வீட்டுக்கு உதவுகிறது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. முப்பது என்று காட்டினால் அது நிஜமாகவே முப்பதாக இருக்க வேண்டும்!

மலை மலையாகக் குவிந்து கிடக்கும் டேட்டாவிலிருந்து, இவ்வளவு வேகமாக, இப்படி ஓர் எண்ணைக் கம்ப்யூட்டர் எப்படி எடுக்கிறது? அதற்குக் கையாளும் தந்திரத்தின் சாயல், காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே ஒரு கோயில் சுவரில் ஆயிரம் வருடத்துக்கு மேலாக இருக்கிறது.

பாட்டியின் கணக்கு

பத்தாம் வகுப்பில் நாணயத்தைச் சுண்டியும் பகடையை உருட்டியும் படித்த நிகழ்தகவுதான் இந்த முப்பது. பதிலோடு கூடவே 'எவ்வளவு உறுதி' என்பதையும் சேர்த்துச் சொல்லும் கம்ப்யூட்டர் முறைகளை நிகழ்தகவு மாதிரிகள் என்கிறார்கள். இன்றைய ஏ.ஐ. உலகில் இவை ஒரு பெரிய கிளை.

இதன் வேர், இங்கிலாந்தில் வாழ்ந்த தாமஸ் பேய்ஸ் என்ற பாதிரியாரிடம் இருக்கிறது. 1761-ல் அவர் இறந்த பிறகு, நண்பர் ரிச்சர்ட் பிரைஸ் அவருடைய கட்டுரையைத் தேடி எடுத்துக் கொடுக்க, 1763-ல் அது அச்சானது. அதன் சாரம் நம் வீட்டுப் பாட்டிகளுக்குத் தெரிந்ததுதான். 'ஐப்பசி என்றால் மழைக்காலம்' என்பது பாட்டியின் முதல் எண்ணம். கிழக்கே கருமேகம் தெரிகிறது, எண்ணம் கொஞ்சம் கூடுகிறது. காற்று திசை மாறுகிறது, கொஞ்சம் குறைகிறது. எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறுகிறது, மறுபடியும் கூடுகிறது. முன்பே இருக்கும் எண்ணத்தை ஒவ்வொரு சாட்சிக்கும் ஏற்பத் திருத்திக்கொண்டே போவதுதான் பேய்ஸ் முறை.

பாட்டிக்கு நாலைந்து சாட்சிகள். கம்ப்யூட்டருக்கு? செயற்கைக்கோள் படங்கள், ரேடார், கப்பல்கள், விமானங்கள், பல பத்தாண்டு வானிலைப் பதிவுகள் என்று கோடிக்கணக்கில்! சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

பத்து மடங்குக்கு ஆயிரம் மடங்கு

பழைய முறையில், தன் எண்ணத்தை ஒரே ஒரு தடவை திருத்திக்கொள்ள, கம்ப்யூட்டர் எல்லாச் சாட்சிகளையும் முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை படித்தாக வேண்டும். அப்படி ஆயிரக்கணக்கான தடவை திருத்தினால்தான் நல்ல விடை கிடைக்கும். சாட்சி நூறு என்றால் பிரச்னை இல்லை. நூறு கோடி என்றால், முதல் திருத்தத்துக்கே பொழுது விடிந்துவிடும்.

சில முறைகளில் நிலைமை இன்னும் மோசம். மழைமானியையே எடுத்துக்கொள்வோம். காஞ்சிபுரத்தில் ஒரு மானி, செய்யாற்றில் ஒன்று, மதுராந்தகத்தில் ஒன்று. இவற்றுக்கு நடுவில் இருக்கும், மானியே இல்லாத கிராமத்தில் எவ்வளவு பெய்திருக்கும்? பக்கத்து மானிக்கு அதிக மதிப்பும் தூரத்து மானிக்குக் குறைந்த மதிப்பும் கொடுத்துக் கணக்கிடலாம். மானிகள் நெருக்கமாக இருக்கும் இடத்தில் 'உறுதியாகச் சொல்கிறேன்' என்றும், அருகில் மானியே இல்லாத இடத்தில் 'சந்தேகத்தோடு சொல்கிறேன்' என்றும் இந்த முறை தானாகவே சொல்லிவிடும். தென்னாப்பிரிக்காவில் டேனி கிரிகே என்ற சுரங்கப் பொறியாளர், பூமிக்கடியில் தங்கம் எங்கே எவ்வளவு இருக்கும் என்று கணிக்க 1951-ல் இந்த வழியில் இறங்கினார். இன்று இதே யோசனை 'காஸியன் செயல்முறை' என்ற பெயரில் ஏ.ஐ. பாடப் புத்தகங்களில் இருக்கிறது.

அருமையான முறை. ஆனால் மானிகள் 10 மடங்கு கூடினால் கம்ப்யூட்டரின் வேலை 10 மடங்கு கூடாது, 1,000 மடங்கு கூடும்! ஒவ்வொரு மானியையும் மற்ற எல்லா மானிகளோடும் சேர்த்துப் பார்த்துச் சமன்பாடுகளைத் தீர்க்க வேண்டியிருப்பதுதான் காரணம். இந்திய வானிலைத் துறை நாடு முழுமைக்கும் தயாரித்த நுணுக்கமான மழை வரைபடத் தொகுப்பு ஒன்றில் 6,955 மழைமானிகளின் பதிவுகள் பயன்பட்டிருக்கின்றன. அத்தனையையும் இந்த முறையில் ஒரே மூச்சில் கணக்கிட்டால் சுமார் 33,000 கோடி படிகள். அதுவும் ஒரே ஒரு நாள் மழைக்கு!

எல்லாவற்றையும் பார்க்காமல், எல்லாவற்றையும் பார்த்ததற்குச் சமமான விடை வேண்டும். அதற்கு என்ன வழி?

உத்திரமேரூர் குடம்

காஞ்சிபுரத்துக்குத் தெற்கே, பஸ்ஸில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் உத்திரமேரூர். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. கி.பி. 919, 921-ம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊர்ச் சபைக்கு ஆள் எடுத்த குடவோலை முறை அவற்றில் படிப்படியாகச் சொல்லப்பட்டிருக்கிறது.

ஊரில் 30 குடும்புகள். இன்றைய பேச்சில் 30 வார்டுகள். ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்களின் பெயர்களைத் தனித்தனி ஓலையில் எழுதி, குடும்பு வாரியாகக் கட்டி, குடத்தில் போடுவார்கள். சிறியவர் முதல் பெரியவர் வரை ஊர் கூடியிருக்கும். கோயில் நம்பிமாரில் வயதில் மூத்தவர் எழுந்து நின்று, எல்லோரும் பார்க்கும்படி குடத்தைத் தூக்கிக் காட்டுவார். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவனைக் கூப்பிட்டு, ஒரு கட்டை எடுக்கச் சொல்வார்கள். அந்தக் கட்டை அவிழ்த்து வேறொரு குடத்தில் போட்டுக் குலுக்குவார்கள். அதிலிருந்து அந்தச் சிறுவன் ஓர் ஓலையை எடுப்பான். அதை மத்தியஸ்தர் ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையில் வாங்குவார். விரலிடுக்கில் வேறு ஓலை ஒளிந்திருக்கவில்லை என்று ஊரே பார்க்கலாம்! அவர் படித்ததும், அங்கிருக்கும் நம்பிமாரும் வாங்கிப் படிப்பார்கள். இப்படிக் குடும்புக்கு ஒருவராக 30 பேர். அவர்களில் 12 பேர் சம்வத்சர வாரியத்துக்கு, 12 பேர் தோட்ட வாரியத்துக்கு, 6 பேர் ஏரி வாரியத்துக்கு. பதவிக்காலம் 360 நாள்.

இதில் மூன்று விஷயங்களைக் கவனிக்கலாம். குடத்தைக் குலுக்குகிறார்கள். ஒவ்வொரு குடும்புக்கும் இடம் கொடுக்கிறார்கள். எடுக்கிற கைக்கு எந்தச் சார்பும் இல்லாமல் பார்த்துக்கொள்கிறார்கள். ஏராளமான டேட்டாவைச் சமாளிக்க இன்றைய நிபுணர்கள் செய்வதும் பெரும்பாலும் இந்த மூன்றுதான்.

கிளறிய பிறகுதான் பதம்

'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பது நம் சொலவடை. ஆனால் எந்த வீட்டிலும் மேலாக இருக்கும் ஒரு பருக்கையை எடுத்து அப்படியே அமுக்கிப் பார்ப்பதில்லை. கரண்டியை விட்டு அடிவரை ஒரு கிளறு கிளறி, பிறகுதான் எடுக்கிறார்கள். பதம் சொல்வது அந்தக் கிளறல்தான்.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இது ஜரிகையிலேயே தெரியும். ஒரு சேலையின் ஜரிகை முழுவதையும் உருக்கிப் பார்த்துத்தான் வெள்ளி எவ்வளவு என்று சொல்ல வேண்டுமென்றால், கட்டிக்கொள்ளச் சேலை மிஞ்சாது. துளி எடுத்துத்தான் சோதிக்க வேண்டும். அந்தத் துளியை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதில்தான் நேர்மை இருக்கிறது.

துளியை நம்பலாமா என்ற சந்தேகத்துக்கு இந்தியாவே ஒரு பெரிய பதில் கொடுத்திருக்கிறது. கொல்கத்தாவில் 1931-ல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கிய பி.சி. மகலனோபிஸ், வங்காளத்தில் சணல் விளைச்சலைக் கணக்கிட மாதிரிக் கணக்கெடுப்பு நடத்தினார். எல்லா வயலையும் அளக்காமல், குலுக்கலில் விழுந்த வயல்களை மட்டும் அளப்பது. 1940-களில் அதே விளைச்சலுக்கு ஒவ்வொரு வயலாக முழுக் கணக்கெடுப்பும் நடந்தது. முழுக் கணக்கெடுப்புக்கு 33,000 ஆட்கள், 82 லட்சம் ரூபாய். மாதிரிக் கணக்கெடுப்புக்கு 600 ஆட்கள், 8 லட்சம் ரூபாய்.

சந்தைக்கும் ஏற்றுமதிக்கும் போன சணலை வைத்துக் கடைசியில் தெரியவந்த அளவு 75.62 லட்சம் பேல். மாதிரிக் கணக்கு சொன்னது 75.40 லட்சம். முழுக் கணக்கு சொன்னது 63.04 லட்சம்! 33,000 பேர் எண்ணியதில் 16 சதவீதத்துக்கு மேல் பிசகு. 600 பேர் எண்ணியதில் அரை சதவீதம்கூட இல்லை. அவசர அவசரமாகப் பெரிய கூட்டம் எண்ணும்போது பிழைகளும் கூட்டமாகச் சேர்ந்துவிடுகின்றன. நல்ல பயிற்சியுள்ள சிலர் கொஞ்சத்தை ஒழுங்காக அளந்தால் உண்மைக்குப் பக்கத்தில் போய்விடலாம்.

எடுத்த பிடி ஏமாற்றாது என்பதற்கு என்ன உத்தரவாதம்? பிடி பெரிதாகப் பெரிதாக, அது தப்பான சேதி சொல்லும் வாய்ப்பு மிக வேகமாகக் குறைந்துகொண்டே போகும். அது எவ்வளவு வேகம் என்று அளக்கும் 'பெரு விலகல்' கோட்பாட்டை உலகத்துக்கு விரிவாக எழுதிக் கொடுத்தவர் ஒரு சென்னைக்காரர். மாநிலக் கல்லூரியில் படித்து, மகலனோபிஸின் நிறுவனத்தில் ஆராய்ச்சி செய்து, நியூயார்க்கில் பேராசிரியரான எஸ்.ஆர்.எஸ். வரதன். 2007-ல் கணிதத்தின் மிக உயர்ந்த விருதுகளில் ஒன்றான ஏபெல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

சரி, கம்ப்யூட்டர் இதை எப்படிப் பயன்படுத்துகிறது? கோடிப் பதிவுகளையும் படித்து ஒரு தடவை திருத்துவதற்குப் பதில், குலுக்கி ஒரு சில நூறு பதிவுகளை எடுக்கிறது. அவை சொல்லும் பக்கம் தன் எண்ணத்தைக் கொஞ்சமாகத் திருத்துகிறது. மறுபடியும் குலுக்குகிறது, இன்னொரு பிடி எடுக்கிறது, கொஞ்சம் திருத்துகிறது. ஆரம்பத்தில் பெரிய அடியாக எடுத்துவைத்து, போகப் போக அடியைச் சிறிதாக்கிக்கொண்டே வந்தால், தள்ளாடித் தள்ளாடி நடந்தாலும் கடைசியில் சரியான வீட்டுக்கே போய்ச் சேரலாம் என்று 1951-லேயே ஹெர்பர்ட் ராபின்ஸ், சட்டன் மன்ரோ என்ற இருவர் காட்டினார்கள்.

2013-ல் மேத்யூ ஹாஃப்மன், டேவிட் பிளை உள்ளிட்ட நால்வர் இதை நிகழ்தகவு மாதிரிகளுக்குப் பொருத்தி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் 18 லட்சம் செய்திகள், விக்கிபீடியாவின் 38 லட்சம் கட்டுரைகள். இவற்றில் எது அரசியல், எது மருத்துவம், எது விளையாட்டு என்று யாரும் சொல்லிக் கொடுக்காமலேயே, பிடி பிடியாகப் படித்துக் கம்ப்யூட்டர் தலைப்பு வாரியாகப் பிரித்துக் காட்டியது. பழைய முறையில் முழுக் குவியலையும் படித்து முடிப்பதற்குள், புதிய முறை பல நூறு தடவை தன்னைத் திருத்திக்கொண்டிருக்கும்.

குடும்புக்கு ஒருவர்

இது குலுக்கல். அடுத்தது, பிரதிநிதிகள். உத்திரமேரூரில் மொத்தக் குடத்திலிருந்து முப்பது ஓலையைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கவில்லை. அப்படி எடுத்தால் ஒரே தெருவிலிருந்து பத்துப் பேர் வந்துவிடலாம், சில தெருக்களுக்கு ஆளே இல்லாமல் போகலாம். அதனால்தான் குடும்புக்கு ஒருவர்.

மழைமானிச் சிக்கலுக்கும் இதே மாதிரி ஒரு வழி கிடைத்தது. 6,955 மானிகளும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள வேண்டாம். நாடு முழுவதும் பரவலாக 100 பிரதிநிதி இடங்களைத் தேர்ந்தெடுத்து, எல்லா மானிகளும் அந்த 100 இடங்களோடு மட்டும் பேசினால் போதும். 33,000 கோடி படிகள் சுமார் 7 கோடியாகக் குறைந்துவிடுகின்றன. நல்ல பிரதிநிதிகளைக் கம்ப்யூட்டரே தேடிக்கொள்ள 2009-ல் மிகாலிஸ் டிட்சியாஸ் ஒரு வழி சொன்னார். 2013-ல் ஜேம்ஸ் ஹென்ஸ்மன் குழுவினர் அதோடு பிடி பிடியாகப் படிக்கும் வழியையும் சேர்த்தார்கள். சில ஆயிரம் பதிவுகளிலேயே மூச்சு வாங்கிக்கொண்டிருந்த முறை, லட்சக்கணக்கான பதிவுகளுக்கு வளர்ந்தது.

இதெல்லாம் ஆராய்ச்சிக் கூடத்தோடு நிற்கவில்லை. 2024 டிசம்பரில் 'நேச்சர்' இதழில் வெளியான ஜென்காஸ்ட் என்ற கூகுள் டீப்மைண்ட் மாதிரி, நாற்பது ஆண்டு உலக வானிலைப் பதிவுகளைக் கற்று, அடுத்த 15 நாட்கள் எப்படியெல்லாம் அமையலாம் என்று பல வேறு கணிப்புகளைப் போட்டுக் காட்டுகிறது. ஒரு கணிப்புக்குச் சுமார் 8 நிமிடம்தான். ஐம்பது கணிப்புகளில் பதினைந்தில் ஓர் ஊரில் மழை என்றால், அதுதான் 'முப்பது பர்சன்ட்'. 2025-ல் மத்திய வேளாண் அமைச்சகம், ஏ.ஐ. மாதிரிகளின் துணையோடு பருவமழைத் தொடக்கம் பற்றிய கணிப்பை 13 மாநிலங்களில் சுமார் 3.8 கோடி விவசாயிகளுக்கு எஸ்.எம்.எஸ்.ஸில் அனுப்பியது. விதைக்கலாமா, இன்னும் ஒரு வாரம் பொறுக்கலாமா என்று யோசிக்கிறவருக்கு அந்தச் செய்தியில்தான் வருஷத்துச் சாப்பாடே இருக்கிறது.

வேகத்துக்கு ஒரு விலை

இவ்வளவு வேகமும் சும்மா கிடைக்குமா? குறுக்கு வழியில் போகும் மாதிரிகளுக்கு ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொள்ளும். விடையை ஓரளவு சரியாகச் சொல்லிவிடும். ஆனால் தன் சந்தேகத்தைக் குறைத்துச் சொல்லும். அறுபது என்று சொல்ல வேண்டிய இடத்தில் தொண்ணூறு என்று அடித்துப் பேசும். அரைகுறையாகப் படித்துவிட்டு வந்த பையன், முழுக்கப் படித்தவனைவிட உரக்கப் பதில் சொல்வதைப் போல!

தெருவில் பாவு விரிக்கும் வீட்டுக்கு இது ஒரு நாள் கூலி. குழித்தறி வைத்திருக்கும் வீட்டில், மழைத் தண்ணீர் ஊறிக் குழிக்குள் ஏறிவிட்டால் நாள் கணக்கில் தறி ஓடாது. முன்கூட்டியே தெரிந்தால் நூலையாவது மேலே எடுத்து வைக்கலாம். ஏரி மதகைத் திறப்பதா, இன்னும் ஒரு நாள் காத்திருப்பதா என்று முடிவெடுக்கும் பொறியாளருக்கு அது பல்லாயிரம் வீடுகளின் பிரச்னை. 2015 டிசம்பர் வெள்ளத்தை அனுபவித்த சென்னை, காஞ்சிபுரம் மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தப்பாக இருக்கக்கூடிய விடையைக்கூடச் சமாளித்துவிடலாம். தப்பாக இருக்க வாய்ப்பே இல்லை என்று சாதிக்கிற தப்பான விடையைச் சமாளிப்பது கஷ்டம்.

இதற்கும் வைத்தியம் தேடியிருக்கிறார்கள். 2011-ல் மேக்ஸ் வெல்லிங், யீ வை டே என்ற இருவர் சொன்ன வழி வேடிக்கையானது. பிடி பிடியாகத் திருத்தும்போது, ஒவ்வொரு தடவையும் வேண்டுமென்றே ஒரு சின்னத் தடுமாற்றத்தையும் சேர்த்துவிடுவது. அப்போது கம்ப்யூட்டர் ஒரே விடையில் போய் உட்கார்ந்துவிடாமல், நியாயமான விடைகளைச் சுற்றிச் சுற்றி வரும். அந்தச் சுற்று எவ்வளவு அகலமோ, அவ்வளவு சந்தேகம் மிச்சம் என்று அர்த்தம். வேகமும் வேண்டும், அடக்கமும் வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது.

குடத்துக்குள் யார் இல்லை?

கடைசியாக, எல்லாவற்றிலும் பெரிய கேள்வி. உத்திரமேரூர் குடத்தில் எல்லோருடைய பெயரும் இருந்ததா? இல்லை. அது பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஊர். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, 35-க்கு மேல் 70-க்குள் வயது, வேதப் பயிற்சி. இத்தனையும் இருந்தால்தான் ஓலையில் பெயர் ஏறும். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவருடைய உறவினர்களையும் விலக்கியது நல்ல விதி. ஆனால் அந்த ஏரியில் தண்ணீர் கட்டியவருக்கும், அந்த வயலில் நாற்று நட்ட பெண்ணுக்கும் குடத்தில் ஓலை கிடையாது. எவ்வளவு நேர்மையாகக் குலுக்கினாலும், உள்ளே போடாத ஓலை வெளியே வராது!

1936-ல் அமெரிக்காவில் லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை, ஜனாதிபதித் தேர்தலுக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பேரிடமிருந்து பதில் வாங்கி, லேண்டன்தான் ஜெயிப்பார் என்று அறிவித்தது. அமோகமாக ஜெயித்தவர் ரூஸ்வெல்ட். பத்திரிகை முகவரி எடுத்ததோ டெலிபோன், கார் வைத்திருந்தவர்களின் பட்டியல்களிலிருந்து. பதில் எழுதிப் போட்டவர்களும் அவர்களில் ஒரு பகுதிதான். வசதியில்லாதவர்களின் ஓட்டு அந்தக் குடத்தில் சரியாக விழவே இல்லை. 20 லட்சம் என்ற எண்ணிக்கை, தவறைத் திருத்துவதற்குப் பதில் தைரியமாக்கியது.

இன்றைய ஏ.ஐ.க்கும் இதே ஆபத்து உண்டு. நாட்டின் நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பு 2019-20-ல் நடந்தது. கைத்தறித் தொழிலில் இருப்பவர்கள் 35.22 லட்சம் பேர் என்றும், அவர்களில் 72 சதவீதம் பேர் பெண்கள் என்றும் அது சொன்னது. தறியில் உட்கார்ந்து நெய்கிறவர் ஒருவர் என்றால், நூல் சுற்ற, பாவு சரிசெய்ய, இழை முடிய என்று வீட்டுப் பெண்களின் கைகள் எத்தனை! நாளைக்கு நெசவாளர் கடனுக்கோ காப்பீட்டுக்கோ ஒரு மாதிரி தயாராகிறது என்று வைத்துக்கொள்வோம். வங்கிக் கணக்கும் தறியும் யார் பெயரில் இருக்கிறதோ அவர்களை மட்டும் வைத்து அதற்குப் பாடம் நடத்தினால், அந்தக் கைகளில் பலவும் கணக்கிலேயே வராது. கோடிப் பதிவுகளைக் காட்டினாலும் இதே கதைதான். குடத்தைப் பெரிதாக்குவதற்கு முன், விடுபட்ட ஓலைகளைத் தேட வேண்டியிருக்கிறது.

காலண்டரில் ஒரு கோடு

போன் காட்டும் எண்ணை நம்பலாமா என்று சோதிக்க, கம்ப்யூட்டர் படித்திருக்க வேண்டும் என்பதில்லை. சுவரில் தொங்கும் காலண்டரும் ஒரு பென்சிலும் போதும். காலையில் போன் சொல்லும் சதவீதத்தை அன்றைய தேதியில் எழுத வேண்டியது. ராத்திரி, மழை பெய்திருந்தால் ஒரு கோடு. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி முடிந்ததும் எண்ணிப் பார்க்கலாம். முப்பது என்று எழுதிய நாட்களில் பத்துக்கு மூன்று நாள் அளவில் கோடு விழுந்திருந்தால், அந்த எண் தன் சந்தேகத்தை ஒளிக்கவில்லை என்று அர்த்தம். பத்துக்கு ஏழு நாள் விழுந்திருந்தால், அடுத்த வருஷம் வேறு ஆப் பார்த்துக்கொள்ளலாம். நிபுணர்கள் தங்கள் மாதிரிகளைச் சோதிப்பதும் அடிப்படையில் இதே வழியில்தான்.

உத்திரமேரூரில் ஓலை வாங்கிய மத்தியஸ்தர் ஐந்து விரலையும் விரித்துக் காட்டிய பிறகுதான் பெயரைப் படித்தார். படித்ததையும் மற்றவர்கள் வாங்கிச் சரிபார்த்தார்கள். நமக்காக முடிவெடுக்கும் எந்த இயந்திரத்திடமும் அதே விரிந்த கையைக் கேட்கலாம். எந்தக் குடத்திலிருந்து எடுத்தாய்? குலுக்கினாயா? யாருடைய ஓலை உள்ளே இல்லை? எவ்வளவு உறுதி?

பிள்ளையார்பாளையத்தில் மணி ஏழரை. கிழக்கே மேகம் கொஞ்சம் திரண்டிருக்கிறது. பாவு இழுத்துக் கட்டியாகிவிட்டது, பாதி காய்ந்தும்விட்டது. "இன்னும் ஒரு மணி நேரம் தாங்கிட்டா போதும்" என்று அந்த அம்மாள் ஒரு தடவை வானத்தைப் பார்த்துக்கொள்கிறார். திண்ணை ஓரத்தில் தார்ப்பாய் மடித்துத் தயாராக இருக்கிறது. மிச்சம் முப்பது பர்சன்டுக்கு அதுதான் அந்த வீட்டின் பதில்.